ஏழாம் போர்ட்டில் பன்னிரண்டு நிமிடம்

செப்டம்பர் 8, திங்கள்

இன்று நாற்காலி வந்தது. இரண்டு வருடமாகக் கேட்டு, டாக்டர் சீட்டையும் சேர்த்துக் கொடுத்த பிறகு மனம் இரங்கியிருக்கிறார்கள். சுழலும் நாற்காலி. முதுகுக்கு வலை, கைகளுக்கு மெத்தை. காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை ஜவுளிக்கடையின் தரைத்தளத்து அறையில் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவனுக்கு இதுகூட இல்லையென்றால் எப்படி?

அப்படியே யு.பி.எஸ். பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி வைக்க கோடவுனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் எடுத்து வந்தேன். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்த வருடம் வாங்கியவை. கவர் பிரிக்காமல் கூரை வரை அடுக்கியிருக்கிறது. சும்மா கிடப்பதில் ஒன்று எனக்காவது ஆகட்டும்.

சாயங்காலம் சின்னவர் வந்தார். முதலாளியின் மகன், திரவியராஜ். முகம் சரியில்லை. மூன்றாம் மாடி பட்டுப் பிரிவில் இருப்பு எடுத்ததில் ஒரு சேலை குறைகிறது. மயில் கழுத்து நிறம், பார்டரில் யானை வரிசை. கேமராப் பதிவைப் பார்த்திருக்கிறார். போன வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை மதியத்துக்கு மேல் நான்கு கேமராவில் பன்னிரண்டு நிமிடம் வெறும் கறுப்பு.

"நாயகம் சார், ஒங்க ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையாத்தானே இருந்துச்சு?"

"ஆமா தம்பி. ஒரு நாளும் சிவப்பு வரல."

"அப்ப இது என்ன?"

எனக்குச் சுருக்கென்றது. ஆவுடைநாயகம் பதினோரு வருடமாகக் கட்டிக் காக்கிற நெட்வொர்க் இது.

செப்டம்பர் 9, செவ்வாய்

குறை எங்கே என்று பிடித்துவிட்டேன். கேபிளில் இல்லை, பார்வையில்.

என் அறையில் இருப்பது ரவுட்டர். அதிலிருந்து மாடிக்கு ஒரு கேபிள் போகும். மாடியில் சுவிட்ச், அதாவது ஒரு கேபிளைப் பலவாகப் பிரிக்கிற பெட்டி. அதில் இருக்கிற ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட். ரவுட்டருக்குத் தெரிவது அந்தப் பெட்டி வரைதான். பெட்டி உயிரோடிருந்தால் பச்சை. பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு போர்ட் செத்தாலும் கீழே இருக்கிற ரவுட்டருக்கு ஒரு சேதியும் வராது. விலை கூடிய சுவிட்ச் என்றால் தானே சொல்லும். நம் கடை வாங்கியது வாய் பேசாத ரகம்.

மூன்றாம் மாடியில் ஏழாம் போர்ட்டில்தான் அந்த நான்கு கேமராவும் ஒரு குட்டிப் பெட்டி வழியாகச் சேர்ந்து தொங்குகின்றன. எனவே ரவுட்டரிலிருந்தே பத்து நொடிக்கு ஒரு முறை நான்கையும் "இருக்கிறாயா" என்று கேட்க வைத்தேன். அதே பெட்டியில் இருக்கிற பில் போடும் கம்ப்யூட்டரையும் கேட்க வைத்தேன். பதில் வராவிட்டால் எனக்கு மணி அடிக்கும்.

செப்டம்பர் 10, புதன்

3.40க்கு நான்கும் ஒன்றாகப் போயின. 3.52க்கு ஒன்றாக வந்தன.

செப்டம்பர் 11, வியாழன்

இன்றும் அதே 3.40, அதே 3.52. உட்கார்ந்த இடத்திலிருந்தே மூன்று விஷயம் தெரிந்துகொண்டேன். நான்கும் ஒரே நேரத்தில் போகின்றன, ஆகவே கேமராக்களில் பழுதில்லை. பில் கம்ப்யூட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது, ஆகவே பெட்டியிலும் பழுதில்லை. திரும்பி வரும்போது கேட்ட மறு நொடியே பதில் வருகிறது. கரண்ட் போயிருந்தால் கேமரா விழித்து எழ ஒரு நிமிடமாவது ஆகும். அப்படியென்றால் கரண்ட் போகவில்லை. யாரோ ஏழாம் போர்ட்டின் கேபிளைக் கையால் கழற்றிக் கையால் மாட்டுகிறார்கள்.

மாடி ஏறிப் பார்த்தேன். அங்கே போய் ஐந்தாறு மாதம் இருக்கும். ஏதாவது என்றால் போனிலேயே சொல்லி முடித்துவிடுவது என் வழக்கம். சுவிட்ச் இருக்கிற மர அலமாரி பட்டுக் கவுண்ட்டருக்குப் பின்னால் இருக்கிறது, பூட்டு இல்லை. விற்பனைக்கு ஆறு பெண்கள். அவர்களுக்கு மேல் சூப்பர்வைசர் வெயிலுமுத்து.

எனக்கு யார் மேலும் நல்ல அபிப்பிராயம் வரவில்லை. வெயிலுமுத்து என்னைக் கண்டதும் படிக்கட்டுப் பக்கமாகவே நின்றுகொண்டான். உலகம்மாள், இருப்பதிலேயே மூத்தவள், நாற்பது தாண்டியவள், ஒரு காலைத் தூக்கி மறு காலின் மேல் வைத்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றாள். அலமாரியை ஒட்டிய கவுண்ட்டரில் நிற்பவள் ஜெனோவா. கடற்கரைப் பக்கத்துப் பெண், தை மாதம் கல்யாணமாம். தூணில் சாய்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது போல் நிமிர்ந்தாள். மடியில் கனம் இல்லாதவள் ஏன் நிமிர வேண்டும்?

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் தோசை வார்த்துக்கொண்டே வடிவு விசாரித்தாள். வீட்டில் ஆபீஸ் விஷயம் பேசுவதில்லை என்றிருந்தேன், பேசிவிட்டேன்.

"எத்தன நிமிசம் போகுது?"

"பன்னெண்டு. கடிகாரம் வச்ச மாதிரி."

"அந்த மாடியில பொம்பளையாளு எத்தன பேரு?"

"ஆறு."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சேல எடுக்கணும்னா ரெண்டு நிமிசம் போதுமே. களவாங்க வந்தவளுக்கு பன்னெண்டு நிமிசம் எதுக்கு?"

துப்பறிய வந்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன் ஐந்து வருடம் ஒரு ரெடிமேட் கடையில் வேலை பார்த்தவள் என்பதால் கடை விஷயம் எல்லாம் தனக்குத் தெரியும் என்ற நினைப்பு. சொல்லிவிட்டு டி.வி. முன்னால் படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டாள். வந்த நாளிலிருந்து இந்தப் பழக்கம். ஏன் என்று நானும் கேட்டதில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நேற்றும் இன்றும் போர்ட் விழவில்லை. வார இறுதிக் கூட்டம், மூன்றாம் மாடியில் நிற்க இடமில்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் கழற்றுகிறார்கள். என் சந்தேகம் உறுதியாகிறது. நாற்காலியில் கைப்பிடி லேசாக ஆடுகிறது, திருகாணி முடுக்க வேண்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

3.40. 3.52. சின்னவரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அசந்துவிட்டார். "கீழ உக்காந்துக்கிட்டே மேல நடக்கதச் சொல்லுதியளே சார்" என்றார். மறைப்பானேன், பெருமையாக இருந்தது.

அலமாரிக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்டார். அது ஜெனோவாவின் கவுண்ட்டர் என்றேன். கல்யாணம் வருகிறதாமே என்று அவரேதான் சொன்னார். நான் "ஆமா தம்பி" என்றேன், அவ்வளவுதான். நான் யார் பெயரையும் குற்றமாகச் சொல்லவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஜெனோவா வரவில்லை. விசாரித்து முடிக்கும் வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். தீபாவளிக்குள் சேலை கிடைக்காவிட்டால் வேலை இல்லை, போலீஸுக்கும் எழுதிக் கொடுப்பார்களாம். முடிவு எடுத்தது சின்னவர். இதில் நான் செய்ய என்ன இருக்கிறது?

3.40க்குப் போர்ட் விழுந்தது. ஜெனோவா கடையில் இல்லை, போர்ட் விழுந்தது.

3.50க்கு வந்தது. பன்னிரண்டு இல்லை, பத்து.

செப்டம்பர் 17, புதன்

இன்றும் பத்து நிமிடம்தான். இரண்டு நிமிடம் எங்கே போனது?

காலையில் சின்னவரிடம் சொல்லியிருக்க வேண்டும், ஜெனோவா இல்லாமலும் நடக்கிறது என்று. சொல்லத்தான் போனேன். அவர் காஞ்சிபுரத்துக்குக் கொள்முதலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், திங்கட்கிழமைதான் வருகிறார். அவசரத்தில் இருப்பவரிடம் அரைகுறையாகச் சொல்வதைவிட ஆளையே கையும் களவுமாகப் பிடித்துக் கொடுப்பது மேல் என்று தோன்றியது. கூட்டாளியாக இருக்கும். அவள் சொல்லிக்கொடுத்து வேறு ஒருத்தி செய்கிறாள்.

"ஏழாவது கேபிள் கிளிப்புல ஊதா மை தடவி வைக்கேன் தம்பி. கழட்டுனவ கையி காட்டிக் குடுத்துரும்."

"பிரமாதம் சார்" என்று காரில் ஏறிப் போய்விட்டார். ரப்பர் ஸ்டாம்புக்கு ஊற்றுகிற மை, சோப்புப் போட்டாலும் இரண்டு நாளைக்குப் போகாது.

செப்டம்பர் 18, வியாழன்

காலையில் கடை திறக்கும் முன்னே போய்க் கிளிப்பின் அடியில் மை தடவினேன். என் கட்டை விரலிலும் ஒட்டிக்கொண்டது. கல் கொண்டு தேய்த்தும் போகவில்லை.

3.40க்கு மணி அடித்தது. 3.50 வரை நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. போர்ட் திரும்பி வந்ததும் படி ஏறினேன். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது.

ஐந்து பெண்களும் கவுண்ட்டருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள், கடைசியில் வெயிலுமுத்து. என்னைக் கண்டதும் உலகம்மாள் வலது கையை நீட்டினாள். கட்டை விரல் ஊதா. அடுத்தவளும் நீட்டினாள். ஊதா. அதற்கடுத்தவளும். ஓட்டுப் போட்டு வந்தவர்கள் மாதிரி ஆறு பேர் கையிலும் மை. வெயிலுமுத்து இரண்டு கையிலும் தடவியிருந்தான்.

"ஒங்களத்தான் எதிர்பாத்து நிக்கோம் சார்" என்றாள் உலகம்மாள். "கழட்டுனது நாந்தான். மை ஒட்டுனதுமே வெளங்கிட்டு. இவளுவ நாங்களும் தொடுதோம்னு வந்து தொட்டுட்டாளுவ. இப்ப யாரப் பிடிக்கப் போறிய?"

"சேல எங்க?"

"எந்தச் சேல? எங்களுக்குச் சேலயப் பத்தித் தெரியாது. சாருக்கு நாங்க களவாணிகளாத் தெரியுதோமா?"

"பின்ன எதுக்குக் கேமராவ அணைக்கிய?"

அவள் கவுண்ட்டருக்குப் பின்னால் கூப்பிட்டுக் காட்டினாள். சேலை வருகிற அட்டைப்பெட்டி ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. நடுவில் அமுங்கிப் போயிருந்தது.

"உக்காருததுக்கு" என்றாள். "மூணே முக்காலுக்கு முன்ன பின்ன மாடியில ஈ காக்கா இருக்காது. ஆளுக்கு ரெண்டு நிமிசம். ஒருத்தி உக்காந்தா மத்தவ நிப்போம், யாரும் வந்தா சேல காட்டணும்லா. வெயிலு அண்ணன் படிக்கட்டப் பாத்துக்கிடுவாவ. காலைல ஒம்பதரைக்கு ஏறுனா ராத்திரி வரைக்கும் நிக்கணும் சார். சாஞ்சா கேமராவப் பாத்து அபராதம். உக்காந்தா அதுக்கு மேல."

சேலையைக் கணுக்காலுக்கு மேல் லேசாகத் தூக்கினாள். நரம்பு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. நான் அலமாரியைப் பார்த்தேன்.

ஆறு பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம். ஜெனோவா இல்லாத நாளில் பத்து. ரவுட்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. வடிவு தோசை வார்த்துக்கொண்டே கண்டுபிடித்ததை நான் இவ்வளவு கருவிகளை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கவில்லை.

"இந்த ஏழாவது போர்ட்தான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வெயிலுமுத்துவிடம் கேட்டேன்.

"நீங்கதான சார் சொல்லித் தந்திய. சித்திரையில கேமரா தெரியலைன்னு போன் போட்டு, 'ஏழாவதக் கழட்டி மாட்டுல, நான் ஏறி வர முடியாது'ன்னு."

செப்டம்பர் 19, வெள்ளி

3.40. 3.50. மணி அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஜெனோவாவின் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் வந்து கேட்டுவிட்டுப் போனார்களாம், களவுப் பட்டம் உண்மையா என்று. வெயிலுமுத்து சொன்னான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தண்ணீர்க் கேனைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

உண்மையைச் சொன்னால் ஆறு பேருக்கும் வேலை போகும். சொல்லாவிட்டால் ஒருத்திக்குப் போகும். சேலை வேறு எங்கே என்று தெரியவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

வடிவு தீபாவளித் துணி எடுக்க வந்தாள். உள்ளே வராமல் வாசலில் நின்று போன் செய்தாள்.

"மயில் கழுத்து நிறம்னுதான சொன்னிய? பார்டர்ல யானை?"

"ஆமா."

"வெளிய வந்து பாருங்க. நீங்க தேடுத ஆளு இங்கதான் நிக்கா."

ஓடிப் போய்ப் பார்த்தேன். வாசல் கண்ணாடிக்குள் பொம்மை அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றது. மாத ஆரம்பத்தில் சின்னவரே எடுத்துக் கட்டச் சொல்லியிருக்கிறார். மாடியில் இருப்பு எடுத்தவர்கள் அலமாரியை எண்ணினார்கள், பொம்மையை யார் எண்ணுவார்கள்? இரண்டு வாரமாக அதைத் தாண்டித்தான் தினமும் உள்ளே போகிறேன்.

வடிவு பொம்மையைப் பார்த்தபடி சொன்னாள்: "பாவம், இவளுக்கும் உக்கார எடம் இல்ல."

"ஒனக்கு அன்னைக்கே தெரியும், என்ன?"

"அஞ்சு வருசம் நின்னவளுக்குத் தெரியாதா? எங்க கடையில கேமரா இல்ல. மொதலாளி வெத்தல போட வெளிய போற நேரம்தான் எங்களுக்கு."

பத்தொன்பது வருடமாக அந்தக் கால்கள் ஏன் சுவரில் ஏறுகின்றன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் பார்த்தேன், கட்டை விரலில் மை வெளுத்துவிட்டது. டப்பாவைத் திறந்து மறுபடி நன்றாகத் தேய்த்துக்கொண்டு சின்னவர் அறைக்குப் போனேன்.

சேலை வாசல் பொம்மை மேல் இருப்பதைச் சொன்னதும் அவருக்கு அசட்டுச் சிரிப்பு வந்தது. "நாந்தான் கட்டச் சொன்னேன், மறந்தே போச்சு" என்றார். அதோடு விடவில்லை.

"சரி, கேபிளக் கழட்டுனது யாரு? மை யாரு கையில இருந்துச்சு?"

விரலை நீட்டினேன்.

"வெளையாடுதியளா?"

"நாந்தான் தம்பி. அந்தப் பெட்டி பழசு, மதியத்துல சூடாகுது. செத்த நேரம் ஏழாவதக் கழட்டி வச்சா தாங்கும். ஒங்கள்ட்ட சொல்லாமச் செஞ்சிட்டேன். பதிவு போனதக் கேட்டதும் பயந்துட்டேன்."

"அப்ப எதுக்கு அந்தப் பிள்ள பேரச் சொன்னிய?"

இதற்குப் பொய் எதுவும் தயார் செய்துகொண்டு போகவில்லை.

"என் தப்ப மறைக்கத்தான்" என்றேன்.

இதுவரை என்னிடம் குரல் உயர்த்தாதவர் இன்று வாசல் வரை கேட்கும்படி ஏசினார். அப்பாவிடம் சொல்லியிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார் என்றார். வாங்கிக்கொண்டேன், எனக்குரியதுதான். கடைசியில் தீர்ப்பு: ஜெனோவா நாளை வரலாம். புதுப் பெட்டி தீபாவளி முடிந்துதான். அதுவரை சூடானால் கழற்றலாம், ஆனால் தினமும் மூன்றரையிலிருந்து நாலேகால் வரை நானே மாடியில் நின்று கழற்றி மாட்ட வேண்டும். "நிக்கணும் சார். உக்காரக் கூடாது." நாற்காலி கணக்குப் பிரிவுக்குப் போய்விட்டது.

செப்டம்பர் 23, செவ்வாய்

யு.பி.எஸ். பெட்டியைத் தரையில் இறக்கி வைத்தேன். ஸ்டூலைத் துடைத்து எடுத்துக்கொண்டு படி ஏறினேன்.

ஜெனோவா அவளுடைய கவுண்ட்டரில் நின்றிருந்தாள். நேராக வந்து கேட்டாள்.

"சார், சின்னவர்ட்ட எம்பேரச் சொன்னது யாரு?"

இந்த நோட்டில் பதினைந்தாம் தேதி நான் எழுதியது நினைவு வந்தது.

"நாந்தாம்மா" என்றேன்.

அவள் திரும்பிப் போய்ச் சேலை மடித்தாள்.

3.40க்கு நானே கழற்றினேன். உலகம்மாள் ஸ்டூலைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு முதலில் உட்கார்ந்தாள். ஆளுக்கு இரண்டு நிமிடம். வெயிலுமுத்து படிக்கட்டில், நான் அலமாரியருகில். எட்டாவது நிமிடத்தில் என் குதிகால் வலிக்கத் தொடங்கியது. தூணில் சாயப் போனேன், சாயவில்லை.

3.50க்கு ஜெனோவா உட்கார்ந்தாள், கடைசி முறை அவளுடையது. இரண்டு நிமிடம் ஆனதும் எழுந்தாள்.

"இரும்மா. ஒனக்கு அஞ்சு நாள் பாக்கி இருக்கு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு உட்கார்ந்தாள், செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டிக்கொண்டாள். நான் நின்றேன்.

4.02க்கு மாட்டினேன்.